அழிப்பதற்கு ஒரு நொடி போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாமான்களில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் குரல் நன்கு பழக்கமானது. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே ஒரு வண்டி மெல்ல ஊர்ந்து வரும். வீட்டின் மூலையில் மாதக்கணக்கில் சேர்ந்த பழைய செய்தித்தாள்களைக் கட்டாகக் கட்டி வாசலில் கொண்டுபோய் வைத்தால் போதும். தராசில் நிறுத்து, சில ரிங்கிட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அத்தனையையும் ஒரே தூக்காகத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எந்தத் தேதிப் பத்திரிகை, எத்தனை பக்கம் என்று யாரும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதில்லை.

கணினியில் கோப்புகளை அழிப்பதும் இப்படித்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் குப்பை போய்விடும், இடம் காலியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. வீட்டுக் கணினியில் நூறு படங்களை அழிக்கும்போது அது உண்மைபோலவே தோன்றும். ஆனால் சர்வர் என்று அழைக்கப்படும் சேவையகத்தில், ஒரே கோப்புறைக்குள் பத்து லட்சம், ஒரு கோடி, மூன்று கோடி என்று கோப்புகள் குவிந்து கிடக்கும்போது கதையே வேறு. அங்கே அழிப்பது பெரிய வேலை. தவறாக அழிப்பதோ பெரிய விபத்து. இந்த இரண்டையும் பற்றியதே இன்றைய உரை.

கியோட்டோவில் 43 மணி நேரம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மீத்திறன் கணினி ஒன்று இருந்தது. பல ஆய்வுக் குழுக்கள் தங்கள் கணக்கீடுகளையும் முடிவுகளையும் அதன் பெரிய சேமிப்பகத்தில் வைத்திருந்தன.

டிசம்பர் 14ஆம் தேதி மாலை 5.32 மணிக்கு அந்தச் சேமிப்பகத்தில் கோப்புகள் அழியத் தொடங்கின. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை. வெளியிலிருந்து யாரும் ஊடுருவவும் இல்லை. அன்றாடம் இயங்கும் ஒரு நிரல் தன் கடமையைச் செய்வதாக எண்ணிக்கொண்டு அழித்துக்கொண்டே போனது. அன்று இரவு கடந்தது. மறுநாள் முழுவதும் கடந்தது. டிசம்பர் 16ஆம் தேதி நண்பகல் 12.43 மணிக்குத்தான் அது நின்றது.

ஏறக்குறைய 43 மணி நேரத்தில் அழிந்தவை சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். அளவில் அவை சுமார் 77 டெராபைட், அதாவது ஏறத்தாழ 77 ஆயிரம் ஜிகாபைட். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்பு நகலிலிருந்து மீட்க முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். 43 மணி நேரம் என்பது சுமார் ஒன்றரை லட்சம் வினாடி. அப்படியானால் சராசரியாக வினாடிக்கு 200க்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. மனிதக் கைக்கு இது கற்பனைக்கு எட்டாத வேகம். ஆனால் வினாடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்து முடிக்கும் இயந்திரத்துக்கு இது ஆமை வேகம்.

இங்கேதான் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அழிப்பது ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? இரண்டு நாள் நடந்த ஒரு தவறு ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

ஒரு கோப்பு எப்படி அழிகிறது?

முதல் கேள்விக்குப் பதில் தேட, ஒரு கோப்பு வட்டில் எப்படி வைக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் பெரும்பாலான சேவையகங்கள் இயங்கும் லினக்ஸ் முறையையே எடுத்துக்கொள்ளலாம். அது 1970களில் வளர்ந்த யூனிக்ஸ் முறையின் வழி வந்தது.

அந்த முறையில் கோப்புறை என்பது பெட்டியன்று. அது ஒரு பெயர்ப் பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் ஒரு கோப்பின் பெயரும், அதற்கு நேராக ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தேடினால் கோப்பின் அடையாள அட்டை கிடைக்கும். கணினியாளர்கள் அதனை ஐநோட் என்பார்கள். கோப்பு யாருக்குச் சொந்தம், எத்தனை பைட் அளவு, எப்போது மாற்றப்பட்டது, உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் அந்த அட்டையில்தான் உள்ளன. உள்ளடக்கமோ வட்டின் வேறு வேறு இடங்களில் கிடக்கும்.

ஆகவே ஒரு கோப்பை அழிப்பது என்றால் என்ன? பதிவேட்டில் பெயரை அடிக்க வேண்டும். அடையாள அட்டையை எடுத்து, அதைச் சுட்டும் வேறு பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அட்டையை ரத்து செய்ய வேண்டும். அந்தக் கோப்பு பிடித்து வைத்திருந்த கட்டங்களைக் காலி என்று குறிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கணக்கு குழம்பிவிடாதபடி, செய்யும் மாற்றங்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கவும் வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு கோப்புக்கு.

பத்துக் கோப்பு என்றால் இது கண் சிமிட்டும் நேரம். ஒரு கோடி என்றால் இதே சடங்கு ஒரு கோடி முறை நடந்தாக வேண்டும். கோப்பு பெரியதா சிறியதா என்பது இரண்டாம் பட்சம். எத்தனை கோப்பு என்பதே முதல் கேள்வி. ஒரு முழுநீளத் திரைப்படத்தை அழிப்பது எளிது. ஒரே ஒரு வரி கொண்ட கோப்புகள் ஒரு கோடியை அழிப்பது கடினம். செய்தித்தாள் கட்டைத் தூக்கி வண்டியில் போடும் வேலையல்ல இது. ஒவ்வொரு தாளையும் பிரித்து, அதன் தேதியைப் பதிவேட்டில் அடித்து, பிறகு மடித்து வைக்கும் வேலை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெயர் அடிபட்டவுடன் உள்ளடக்கம் மறைந்துவிடுவதில்லை. கட்டங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். வேறொரு கோப்பு வந்து அந்தக் கட்டங்களில் உட்காரும்வரை பழைய எழுத்துகள் அங்கேயே இருக்கக்கூடும். தவறுதலாக அழித்தவற்றைச் சில வேளைகளில் மீட்க முடிவது இதனால்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் சேவையகத்தில் காலியிடம் அதிக நேரம் காலியாக இருப்பதில்லை. புதியவை வந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு யாரும் தூங்கிவிட முடியாது.

இடம் இருக்கிறது, ஆனால் இடமில்லை

ஒரே கோப்புறைக்குள் எப்படிக் கோடிக்கணக்கில் கோப்புகள் சேருகின்றன? யாராவது உட்கார்ந்து எழுதுகிறார்களா? இல்லை. நிரல்கள் எழுதுகின்றன. ஓர் இணையத் தளத்துக்கு வருகையாளர் ஒருவர் வரும்போது, அவரை நினைவில் வைத்துக்கொள்வதற்காகச் சேவையகம் ஒரு சின்னஞ்சிறு கோப்பை உருவாக்குவதுண்டு. அவர் போன பிறகு அதனை அழித்துவிட வேண்டும். அழிக்கும் ஏற்பாடு சரியாக அமைக்கப்படாவிட்டால், வந்து போன ஒவ்வொருவரின் சுவடும் அப்படியே தங்கிவிடும். மின்னஞ்சல் வரிசைகள், தற்காலிகப் படங்கள், நாள்தோறும் எழுதப்படும் பதிவுகள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

ஒரு நாள் சேவையகம் நின்றுபோகும். 'வட்டில் இடமில்லை' என்று செய்தி வரும். பொறுப்பாளர் சென்று பார்த்தால் வட்டில் பாதி காலியாகவே இருக்கும். அவர் குழம்பிப்போவார்.

காரணம் இதுதான். அடையாள அட்டைகளுக்கும் ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. லினக்ஸில் பரவலாக வழங்கும் கோப்பு முறையில், வட்டைத் தயார் செய்யும்போதே இத்தனை அட்டைகள்தாம் என்று முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பின்படி 16,384 பைட்டுக்கு ஓர் அட்டை. 100 ஜிகாபைட் கொண்ட பகுதியில் சுமார் 65 லட்சம் அட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு வரிக் கோப்புகளே தின்று தீர்த்துவிட்டால், எத்தனை ஜிகாபைட் மிச்சமிருந்தும் புதிதாக ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது. திருமண மண்டபத்தில் இருக்கை நிறைய இருந்தும், அழைப்பிதழ் தீர்ந்துபோனதால் யாரையும் உள்ளே விட முடியாத நிலை அது.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை அழித்த பிறகும் வட்டில் இடம் கூடாமல் இருக்கும். ஏனென்றால் ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறது. பெயர் அடிபட்டுவிட்டது, ஆனால் ஆள் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. அந்த நிரல் கோப்பை மூடினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.

அள்ளிக் கொட்ட முடியாது

சரி, ஒரு கோடிக் கோப்புகளை அழித்தே தீர வேண்டும். பொறுப்பாளர் என்ன செய்வார்? முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்பார். திரை அப்படியே நின்றுவிடும். பட்டியல் தரும் கட்டளை எல்லாப் பெயர்களையும் படித்து, நினைவகத்தில் ஏற்றி, அகர வரிசைப்படுத்திய பிறகுதான் முதல் பெயரைக் காட்டும். ஒரு கோடிப் பெயர்களை வரிசைப்படுத்தும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான். வரிசைப்படுத்தாமல் காட்டு என்று சொல்லத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார்.

அடுத்து, எல்லாவற்றையும் அழி என்பதற்கு நட்சத்திரக் குறியிட்டுக் கட்டளை கொடுப்பார். 'பட்டியல் மிக நீளம்' என்று கணினி மறுத்துவிடும். நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் கணினி அதனை ஒரு கோடிப் பெயர்களாக விரித்து, ஒரே வாக்கியமாக்கி அழிக்கும் நிரலிடம் கொடுக்கப் பார்க்கிறது. ஒரு வாக்கியம் இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று வரம்பு இருப்பதால் அது முடியாமல் போகிறது.

அனுபவசாலிகள் வேறு வழியில் போவார்கள். பெயர்களைச் சேர்த்து வைக்காமல், ஒன்றைக் கண்டதும் ஒன்றை அழித்துக்கொண்டே போகும் 'ஃபைண்ட்' என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். சிலர் வெறும் கோப்புறை ஒன்றை உருவாக்கி, 'இதைப் போலவே அதையும் ஆக்கு' என்று ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவிக்கு உத்தரவிடுவார்கள். காலியான ஒன்றைப் போல ஆக வேண்டுமானால் நிறைந்திருப்பதும் காலியாக வேண்டும் அல்லவா?

இன்னும் விவரமானவர்கள் முதலில் அழிக்கவே மாட்டார்கள். நிறைந்த கோப்புறையின் பெயரை மாற்றி ஓரமாக வைப்பார்கள். பழைய பெயரில் புதிதாக ஒரு காலிக் கோப்புறையை உருவாக்குவார்கள். பெயர் மாற்றத்துக்கு ஒரு நொடி போதும். சேவை உடனே சீரடைந்துவிடும். பிறகு ஓரமாக வைத்ததை, மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் இல்லாதபடி, கடைசி முன்னுரிமை கொடுத்து மெதுவாக அழிப்பார்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஓரமாக வைத்ததில் ஏதேனும் தேவையான கோப்பு இருந்தது தெரியவந்தால், அது இன்னும் போயிருக்காது. நிதானத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

வட்டின் ஒரு பகுதி முழுவதுமே குப்பை என்றால், வேண்டிய சில கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதியைப் புதிதாகத் தயார் செய்துவிடுவதே விரைவான வழி. அது பதிவேட்டில் வரி வரியாக அடிப்பதற்குப் பதிலாகப் புதுப் பதிவேட்டைத் திறப்பது.

காலியாக இருந்த ஒரு பெயர்

இனி கியோட்டோவுக்குத் திரும்புவோருக்கு அங்கே நடந்தது எளிதாகப் புரியும். அழித்த நிரல் எது தெரியுமா? காப்பு நகல் எடுக்கும் நிரல்! பாதுகாக்க வந்ததே பறித்துக்கொண்டு போயிற்று.

அந்த நிரலில் ஒரு சிறு பகுதி இருந்தது. பத்து நாள்களுக்கு மேலான பழைய பதிவுக் கோப்புகளைத் தேடி அழிப்பது அதன் வேலை. எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்பது ஒரு மாறியில் எழுதப்பட்டிருக்கும். மாறி என்பது இடத்தின் பெயரைத் தாங்கும் ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அமைப்பை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸின் ஜப்பானிய நிறுவனம், அந்த நிரலைப் படிப்பதற்கு எளிதாக்கும் நோக்கத்தில் மாறிகளின் பெயர்களைத் திருத்தியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய நிரல் அதன்மீது எழுதப்பட்டுவிட்டது.

பாஷ் என்ற அந்த முறையில், நிரல் முழுவதும் முதலிலேயே படிக்கப்படுவதில்லை. ஓட ஓடப் படிக்கப்படுகிறது. ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து வேலை செய்துகொண்டிருக்கிறார். பாதி வேலையில் யாரோ தாளை மாற்றிவிடுகிறார்கள். அவர் அறியாமல் புதுத் தாளின் நடுவிலிருந்து தொடர்கிறார். இடத்தின் புதிய பெயர் எது என்று சொல்லும் வரிகளை அவர் படிக்கவே இல்லை. ஆகவே சீட்டு காலி. 'இந்தப் பதிவுக் கோப்புறையில் உள்ள பழையவற்றை அழி' என்று இருக்க வேண்டிய கட்டளை, இடம் குறிப்பிடாமல் 'பழையவற்றை அழி' என்று ஆகிவிட்டது. ஆய்வாளர்களின் சேமிப்பகத்தில், டிசம்பர் 3ஆம் தேதி மாலை 5.32க்குப் பிறகு மாற்றப்படாத கோப்புகள் எல்லாம் பலியாயின.

இரண்டாவது கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. வழக்கமான நிரல், முறையான அனுமதியுடன், வழக்கமான வேலையைச் செய்தது. அழிப்பதே அதன் வேலை என்று கணினிக்குச் சொல்லப்பட்டிருந்தது. கணினியின் பார்வையில் தவறு என்று எதுவுமே நடக்கவில்லை. பூட்டை உடைத்து வருபவனைப் பார்த்து நாய் குரைக்கும். சாவியோடு வருபவரைப் பார்த்து அது வாலைத்தான் ஆட்டும்.

காலியான சீட்டு செய்த வேலை இது முதல் முறையன்று. 2015ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுச் சேவையின் லினக்ஸ் நிரலிலும் இதே குறை வெளிப்பட்டது. தன் கோப்புறையை அழிக்க வேண்டிய கட்டளையில் கோப்புறையின் பெயர் காலியாகிவிடவே, அது வட்டின் அடியிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கியது. பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகள், கணினியோடு இணைத்திருந்த வெளிவட்டில் இருந்த காப்பு நகல்கள் உட்பட, போய்விட்டன. அந்தக் கட்டளைக்கு மேலே, அதை எழுதிய நிரலாளர் 'பயங்கரம்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். ஆபத்து தெரிந்திருந்தது. ஆனால் சீட்டு காலியாக இருந்தால் நின்றுவிடு என்ற ஒரு வரி மட்டும் எழுதப்படவில்லை.

காப்பு நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை

எதற்கும் காப்பு நகல் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நம்பிக்கையைச் சோதித்த நாள் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31. உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் அன்று இரவு, தரவுத்தளத்தில் ஏற்பட்ட சிக்கலைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் போராடிக்கொண்டிருந்தார். வேலையை முடித்துக்கொண்டு எழப் போகும் நேரம். துணைச் சேவையகத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு வினாடியில் தவறு புரிந்தது. அவர் இருந்தது முதன்மைச் சேவையகம். உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது ஏறத்தாழ 4.5 ஜிகாபைட் மட்டுமே.

கியோட்டோவில் 43 மணி நேரம், இங்கே ஓரிரு வினாடி. இந்த வேறுபாட்டுக்கும் காரணம் முன்பு சொன்னதுதான். 3 கோடிக் கோப்புகளை ஒவ்வொன்றாக அடிக்க நேரம் வேண்டும். பெரிய பெரிய கோப்புகள் சிலவற்றை அடிக்க அது வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான அதிர்ச்சி. அந்த நிறுவனத்தில் காப்பு நகல் எடுக்க ஐந்து வழிகள் இருந்ததாகக் கருதப்பட்டது. ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நினைத்த நகல், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்தது. எடுக்க முடியவில்லை என்று எச்சரித்து அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும், சரியான முத்திரை இல்லாததால் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு வந்தன. கடைசியில் காப்பாற்றியது எது? சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் தம் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அப்படியும் அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை போயின. சுமார் 5,000 பணித்திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

சினிமா உலகிலும் இப்படி ஒன்று நடந்தது. 1998ஆம் ஆண்டு, பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்பு நாடாவோ சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை. கைகொடுத்தவர் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக அவர் படத்தின் நகலைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, குலுங்காமல் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நிறுவனத்தின் அத்தனை ஏற்பாடுகளும் கைவிட்ட இடத்தில், ஒரு தாயின் வீட்டுக் கணினி கைகொடுத்தது.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் மீட்பு கிடைத்தது தற்செயலாக. தற்செயலை நம்பி எந்த நிர்வாகமும் நடக்க முடியாது. திரும்ப எடுத்துப் பார்க்காத காப்பு நகல், நீரை ஊற்றிப் பார்க்காத குடம். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது தாகம் எடுக்கும் நாளில்தான் தெரியும்.

இன்னொரு மயக்கமும் தெளிய வேண்டும். ஒன்றைப் போலவே மற்றொன்றை வைத்திருக்கும் கண்ணாடி நகல் முழுமையான காப்பன்று. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதனால்தான் கியோட்டோ பல்கலைக்கழகமும், அதன் பிறகு கண்ணாடி நகலோடு நிற்காமல், மாற்றங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனித்தனியே வைத்திருக்கும் முறையையும் சேர்ப்பதாக அறிவித்தது.

பழி யாருக்கு?

இத்தகைய விபத்து நடந்தால் உடனே எழும் கேள்வி, 'யார் அந்தப் பொத்தானை அழுத்தியது?' என்பதே. ஆளைக் கண்டுபிடித்து வேலையை விட்டு நீக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் எங்கும் உண்டு.

மேலே சொன்ன நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை. கியோட்டோ விபத்துக்குத் தங்களுக்கே நூறு விழுக்காடு பொறுப்பு என்று அமைப்பை வழங்கிய நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது. எந்த வரியில் தவறு நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் வெளியிட்டது. கிட்லேப் நிறுவனம் மீட்புப் பணியையே இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பியது. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் பொறியாளரின் பெயரைச் சொல்லாமல், ஏற்பாட்டின் குறைகளைச் சொன்னது. இரவு நேரத்தில் களைத்துப்போன ஒருவர் ஒரே ஒரு வரியில் எல்லாவற்றையும் அழித்துவிட முடிகிறது என்றால், குற்றம் அந்த விரலில் மட்டும் இல்லை. அந்த வரியைத் தடுக்க எதையும் வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது. விரலைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்படும் தவறுதான் 43 மணி நேரம் ஓடும்.

அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்கள் இதனை மனத்தில் கொள்வது நல்லது. அழிக்கும் முன் எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்று ஒரு முறை பார்ப்பது, அழிப்பதற்குப் பதிலாக முதலில் பட்டியல் எடுத்துப் பார்ப்பது, பெயரை மாற்றி ஓரமாக வைத்துச் சில நாள் பொறுப்பது, மற்றொருவரின் கண்ணையும் கேட்டுக்கொள்வது ஆகிய நான்கும் பணச் செலவு இல்லாதவை. ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து ஆண்டு உழைப்பை இழந்தவர்கள் உண்டு.

சேவையகமே இல்லாத வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. பிள்ளையின் முதல் நடை, தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் எல்லாம் அதற்குள்தான். இடம் போதவில்லை என்று செய்தி வந்ததும் அவசரத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுகிறார்கள். இணையச் சேமிப்பில்தான் இருக்கிறதே என்று நினைக்கிறார்கள். அந்தச் சேமிப்பு கைத்தொலைபேசியோடு ஒத்திசையும்படி அமைக்கப்பட்டிருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அதுவும் கண்ணாடி நகல்தான்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய எளிய விதி ஒன்று உண்டு. முக்கியமானவற்றை மூன்று நகலாக வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில், அந்த நகலைத் திறந்து பாருங்கள்.

பழைய செய்தித்தாள் வண்டி வாசலில் நிற்கும்போது, கட்டைக் கொடுப்பதற்கு முன்பு வீட்டுப் பெரியவர்கள் ஒரு முறை அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையின் தேர்வு முடிவு வந்த பக்கமோ, உறவினரின் நினைவஞ்சலியோ அதற்குள் இருந்துவிடக் கூடாதே என்ற கவலை அது. கணினிக்கு அந்தக் கவலை கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் செய்யும். புரட்டிப் பார்க்க வேண்டியவர் மனிதர்தான்.

அழிப்பதற்கு ஒரு நொடி போதுமா என்று கேட்டால், சில வேளைகளில் போதும், சில வேளைகளில் இரண்டு நாள் பிடிக்கும். ஆனால் எந்த வேளையிலும் அதற்கு முன் ஒரு நொடி நின்று யோசிப்பதற்கு இடமிருக்கிறது. அந்த நொடியை யாரும் அழித்துவிட வேண்டாம்.